காவடிக்கு வரும் பிள்ளைகள் தமிழ் வகுப்புக்கு ஏன் வருவதில்லை? எந்தக் கண்ணோட்டத்தை வைத்துக் கேட்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பக்கம் உள்ள ஒரு தமிழ்ச் சங்கத்துக்கு வெகுநாளாக ஒரு குழப்பம். தைப்பூசக் காவடிக்கும், ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் இளம்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். விரதம் இருக்கிறார்கள், அலகு குத்திக்கொள்கிறார்கள், தார் ரோட்டில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அதே பிள்ளைகளைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பார்க்க முடிவதில்லை. இதை ஒழுங்காக ஆராய்ந்து பார்க்கலாம் என்று கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் சமூகவியல் படித்தவள், அந்த வகுப்பில் பாடமும் எடுக்கிறேன். அதனால் எப்படிச் செய்யலாம் என்று எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது.

பணம் ஒரே ஒரு ஆய்வுக்குத்தான் காணும். சமூகவியலின் முதலாண்டுப் பாடப்புத்தகம் எதைத் திறந்தாலும் மூன்று கண்ணோட்டங்கள் வரிசையாக நிற்கும்: ஒரு வழக்கம் சமூகத்துக்கு என்ன பயன் தருகிறது என்று பார்க்கும் செயற்பாட்டுவாதம், யார் யாரை ஒடுக்கினார்கள் என்று பார்க்கும் முரண்பாட்டுக் கோட்பாடு, ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பழகுவதைப் பார்க்கும் இடைவினைவாதம். கமிட்டியில் மூன்றுக்குமே ஆள் உண்டு. அவர்களுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது, அவ்வளவுதான். கோயில்தான் நம்மைச் சேர்த்து வைத்திருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள் என்கிறார் ஒரு அங்கிள். நிறவெறி ஆட்சி நம் மொழியைத் தின்றுவிட்டது, அதை எழுதுங்கள் என்கிறார் ஒரு ஆன்ட்டி. போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்களேன் என்கிறான் கூட்டத்தில் இருந்த ஒரே இளைஞன். என் ஓட்டு அவனுக்குத்தான். ஆனால் மற்ற இருவரும் சும்மா பேசவில்லை. அவர்கள் சொல்வதையும் எடைபோட வேண்டும்.

அங்கிள் சொல்வது செயற்பாட்டுவாதம், சமூகவியலாளர் துர்க்கைமின் வழி. ஊர் கூடிச் சடங்கு செய்யும்போது பொங்கும் உணர்ச்சியில் சமூகம் தன்னையே தொழுகிறது என்று 1912இல் எழுதினார் அந்தப் பிரெஞ்சுக்காரர். பின்னால் அமெரிக்காவில் பார்சன்ஸ் இதைப் பெரிய அமைப்பாகக் கட்டினார். 1949இல் ராபர்ட் மெர்ட்டன், ஒரு வழக்கத்துக்கு வெளிப்படையான பயன் ஒன்றும் மறைமுகமான பயன் ஒன்றும் இருக்கலாம் என்று பிரித்துக் காட்டினார். காவடியில் வெளிப்படையாகத் தெரிவது நேர்த்திக்கடன். மறைமுகமாக நடப்பது வேறு: டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸிலும், தூரத்தில் ஜோகன்னஸ்பர்க்கிலும் சிதறிக் கிடக்கும் சொந்தம் ஓரிடத்தில் கூடுகிறது, கல்யாணப் பேச்சு தொடங்குகிறது, யார் வீட்டில் யாருக்கு வேலை போனது என்று தெரிகிறது. டர்பனின் இன்னொரு பகுதியான கேட்டோ மேனரிலிருந்து பெயர்க்கப்பட்டு 1960களில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் இறக்கப்பட்ட குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, அப்படியானால் தமிழ் வகுப்பு ஏன் காலி? அதன் பயனை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது என்று இந்தக் கோட்பாடு பதில் சொல்லும். இருப்பதற்குக் காரணம் பயன் உண்டு, இல்லாமல் போனதற்குக் காரணம் பயன் போனது. இப்படிச் சுற்றி வரும் விளக்கத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கமிட்டிக்கு இது பிடித்துப்போகும் என்பதும் எனக்கு ஒரு சந்தேகத்தைத் தருகிறது. கோயில் நடத்துபவர்களிடம் கோயிலால் நன்மை என்று சொல்லும் அறிக்கை, மாலை மரியாதையோடு அலமாரிக்குப் போய்விடும்.

ஆன்ட்டியின் கட்சியை, அதாவது முரண்பாட்டுக் கோட்பாட்டை, அவ்வளவு சுலபமாகத் தட்டிவிட முடியாது, அதுவும் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு. 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் ஆட்களை இறக்கியது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் வழியாக. ஒப்பந்தம் முடிந்தும் திரும்பிப் போகாதவர்கள் மேல் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி. 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான், 1914இல், அது ஒழிந்தது. 1946இல் இந்தியர் நிலம் வாங்கக் கட்டுப்பாடு வந்தது. 1950இல், யார் எந்தப் பேட்டையில் குடியிருக்கலாம் என்று நிறத்தை வைத்துப் பிரித்த சட்டம் வந்தது. இதற்கு நடுவே தோட்டத்தில் ஜூலுவும் ஆங்கிலமும் கலந்த வேலையிடப் பேச்சான ஃபனகலோவும், பள்ளியிலும் ஆபீசிலும் ஆங்கிலமும்தான் சோறு போட்டன. தமிழ் வீட்டுக்குள் ஒதுங்கியது, பிறகு பாட்டிகளிடம் ஒதுங்கியது.

மார்க்ஸிலிருந்து வரும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் இங்கே நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. தடை உத்தரவையும் சிறையையும் பார்த்த டர்பன் சமூகவியலாளர் பாத்திமா மீர், துர்க்கைமின் புகழ்பெற்ற தலைப்பான தற்கொலையையே எடுத்து, இந்த நகரத்தின் பதிவேடுகளை வைத்து, நிற ஆட்சியோடு சேர்த்து ஆராய்ந்து 1976இல் வெளியிட்டார். அந்த வரிசையில் ஒரு சிறு அறிக்கை சேருவது பெருமைதான்.

ஆனால் நம் கேள்விக்கு அது சரியான கருவி இல்லை. ஒரே வீட்டில் அண்ணன் வகுப்புக்கு வருகிறான், தங்கை வருவதில்லை. இருவருக்கும் அதே வரலாறு, அதே தெரு, அதே பள்ளிக்கூடம். தமிழை விழுங்கிய அதே ஆட்சி காவடியை ஏன் விழுங்கவில்லை என்று கேட்டால், காவடி எதிர்ப்பின் வடிவம் என்பார்கள். ஒடுக்குமுறை, எதிர்ப்பு என்று இரண்டே பெட்டி. எது கிடைத்தாலும் ஏதாவது ஒன்றில் போட்டுவிடலாம். தவிர, பதில் கிடைத்தபின் சங்கம் அடுத்த சனிக்கிழமை என்ன செய்வது? 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை இன்னொரு முறை ரத்து செய்ய முடியாது.

இனி மூன்றாவது. இடைவினைவாதத்தைத் தென்னாப்பிரிக்காவில் புரியவைக்க மினிபஸ் டாக்சி போதும். ஜோகன்னஸ்பர்க்கில் சாலையோரம் நின்று ஆள்காட்டி விரலை மேலே நீட்டினால் டவுனுக்குப் போகிறேன் என்று பொருள். வேறு திசைக்கு வேறு கை. ஓட்டுநர் ஒரு பார்வையில் புரிந்துகொண்டு நிறுத்துகிறார், அல்லது போய்விடுகிறார். உள்ளே ஏறினால் கட்டணம் பின்சீட்டிலிருந்து கைமாறிக் கைமாறி முன்னே போகிறது. முன்சீட்டில் உட்கார்ந்தவர் எண்ணிச் சில்லறை பிரித்துத் திருப்பி அனுப்புகிறார். யாரும் அவரை நியமிக்கவில்லை. புதிதாக ஏறியவர் தெரியாமல் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டால், நாலு பேர் பார்க்கும் பார்வையிலேயே வேலையைக் கற்றுக்கொள்கிறார். கணக்கில் வீக்காக இருப்பவர்கள் அந்தச் சீட்டைத் தவிர்ப்பதும் உண்டு.

ஹெர்பர்ட் புளூமர் சொல்வது இதைத்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் நடத்திய பாடங்களிலிருந்து வளர்ந்த சிந்தனைக்கு, 'குறியீட்டு இடைவினைவாதம்' என்ற பெயரை 1937இல் வைத்தவர் அவர். 1969இல் அதை மூன்று வரியில் அடக்கினார். மனிதர்கள் ஒரு பொருளிடம் நடந்துகொள்வது, அந்தப் பொருளுக்குத் தங்களிடம் உள்ள அர்த்தத்தை வைத்து. அந்த அர்த்தம் மற்றவர்களோடு பழகுவதில் பிறக்கிறது. பழகப் பழக, ஒவ்வொருவரும் அதை மனசுக்குள் புரட்டிப் பார்த்து மாற்றிக்கொள்கிறார்கள். சமூகம் எங்கோ மேலே இருந்து நம்மை இயக்கும் யந்திரம் இல்லை, நாம் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டே இருப்பது என்பது இதன் சாரம்.

இதை நம் கேள்விமேல் வைத்தால் முதலில் ஆட்டம் காண்பது கேள்வியேதான். கமிட்டியைப் பொறுத்தவரை தமிழ் என்றால் மொழி. பிள்ளைகளுக்கு? டர்பனில் ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால், நீங்கள் தமிழா ஹிந்தியா என்று கேட்பார்கள். கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் இரண்டு மொழியும் தெரியாது. கோவிந்தர், பிள்ளை, மூட்லி, படையாச்சி என்று பெயரின் வாலைப் பார்த்தே ஊகித்துவிடுவார்கள். எந்த நாளில் தீபாவளி, ஆடியில் கூழ் ஊற்றும் வீடா, காவடி எடுக்கும் குடும்பமா, இவைதான் அந்தக் கேள்விக்குப் பதில். அந்தப் பிள்ளைகள் முழுத் தமிழர்களாகத்தான் தங்களை நினைக்கிறார்கள். எதையோ இழந்துவிட்டோம் என்று வகுப்பைத் தேடி வர வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. செயற்பாட்டுவாதமும் முரண்பாட்டுக் கோட்பாடும் கமிட்டியின் அர்த்தத்தை அப்படியே வாங்கிக்கொண்டு, ஏன் வரவில்லை என்று விளக்கக் கிளம்பும். இடைவினைவாதம் ஒன்றுதான், இது யாருடைய அர்த்தம் என்று முதலில் நிறுத்திக் கேட்கிறது. என் ஓட்டில் பாதி இதற்காகவே விழுந்துவிட்டது.

மீதிப் பாதி வகுப்பறைக்குள் நடப்பதற்காக. அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1902இல் 'கண்ணாடிச் சுயம்' என்றார்: நான் அடுத்தவருக்கு எப்படித் தெரிகிறேன், அதை அவர் எப்படி எடைபோடுகிறார் என்று நானே கற்பனை செய்து, அந்தக் கற்பனையைப் பார்த்துப் பெருமையோ வெட்கமோ படுகிறேன். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி 'பழம்' என்று வாசிக்க வாய் திறக்கும்போது, எதிரே இந்தியாவிலிருந்து வந்த ஆசிரியை, பக்கத்தில் சிரிக்கத் தயாராக அத்தை மகன். அவள் அங்கே எழுத்தைப் பார்ப்பதில்லை, அவர்கள் முகத்தில் தன்னைப் பார்க்கிறாள். தன் பாட்டி பேசிய தமிழும் அந்த ஆசிரியை பேசும் தமிழும் வேறு வேறு என்பது அவளுக்குத் தெரியும். எது 'சரி' என்று வகுப்பு முடிவு செய்கிறது, பாட்டி தோற்றுப்போகிறார். காவடியில் இந்தப் பரீட்சையே கிடையாது. அரோகரா என்று ஆயிரம் பேரோடு சேர்ந்து சொல்லும்போது யார் உச்சரிப்பையும் யாரும் கேட்பதில்லை. அங்கே உடம்பு பேசுகிறது. விரதமும் அலகும் பாதத்தின் கொப்புளமும் எல்லாருக்கும் புரிகிற சான்றிதழ்கள்.

எர்விங் காஃப்மன் இன்னும் ஒரு படி போகிறார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் தங்கி அவர் கவனித்தவற்றில் ஒன்று, ஓட்டல் பணியாளர்கள் சமையலறையில் ஒரு மாதிரியும் சாப்பாட்டுக் கூடத்தில் வேறு மாதிரியும் இருப்பது. அதிலிருந்து முன்மேடை, பின்மேடை என்று பிரித்தார். எங்கள் வகுப்பிலும் பின்மேடை இருக்கிறது: இடைவேளையில் வராந்தா. அங்கே சமையல் சொற்கள், வசவுகள், தாத்தா சொல்லும் கிண்டல்கள் எல்லாம் சரளமாக வருகின்றன. நான் கதவருகே வந்தால் ஆங்கிலம். ஆக, தமிழ் தெரியாத பிள்ளைகள் என்று நாம் எழுதிவைத்திருப்பது, ஆசிரியர் முன்னால் தமிழ் பேசாத பிள்ளைகள் என்பதாக இருக்கலாம். ஆண்டுவிழா மேடைதோறும் 'தமிழ் தெரியாத தலைமுறை' என்று பேச்சாளர்கள் உருகுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்பவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். முத்திரை குத்தப்பட்டவர் காலப்போக்கில் அந்த முத்திரைக்கு ஏற்றபடி தன்னைப் பார்க்கத் தொடங்குவதை 1963இல் ஹோவர்ட் பெக்கர் விரிவாகக் காட்டினார். அவர் எழுதியது கஞ்சா பிடிப்பவர்களையும் நடன இசைக்காரர்களையும் பற்றி. மேடைப் பேச்சுக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது.

இதெல்லாம் சின்னச் சின்ன விஷயம், சட்டமும் அதிகாரமும் இதில் எங்கே என்று ஆன்ட்டி கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் நிறவெறிச் சட்டத்தையே எடுத்துப் பாருங்கள். 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டம், வெள்ளையர் யார் என்பதற்கு ரத்தத்தை அளவுகோலாக வைக்கவில்லை. தோற்றத்தில் வெள்ளையராகத் தெரிவதையும், பொதுவாக வெள்ளையர் என்று ஏற்கப்படுவதையும் வைத்து வரையறுத்தது. அக்கம்பக்கத்தார் ஒருவரை எப்படி நடத்துகிறார்கள் என்பது அரசின் பதிவேட்டில் ஏறியது. மனிதர்கள் ஒரு சூழலை உண்மை என்று வரையறுத்தால் அதன் விளைவுகள் உண்மையாகவே நடக்கும் என்று டபிள்யூ. ஐ. தாமஸும் டாரதி தாமஸும் 1928இல் எழுதியதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் தேட வேண்டாம். அன்றாடப் பழக்கமும் அரசாங்கமும் வேறு வேறு மாடியில் இல்லை.

அதே சமயம் இந்தக் கண்ணோட்டம் கைவிடும் இடம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும், அதுவும் நம் ஊரில்தான் நடந்தது. 1949 ஜனவரி 13, வியாழக்கிழமை மாலை, டர்பன் இந்தியர் கடைத்தெருவில் ஒரு இந்தியக் கடைக்காரருக்கும் 14 வயது ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவனுக்கும் தகராறு. அடியில் பையனின் தலை கடைக் கண்ணாடியில் மோதி ரத்தம் வந்தது. பையன் செத்துவிட்டான் என்று வதந்தி பரவியது. அவன் சாகவில்லை. ஆனாலும் இரண்டு நாளில் கேட்டோ மேனர் எரிந்தது. அரசுக் கணக்கில் 142 பேர் இறந்தார்கள், அதில் ஆப்பிரிக்கர்கள் 87, இந்தியர்கள் 50. வதந்தி எப்படி ஆளிடமிருந்து ஆளுக்குப் போனது, ஒவ்வொருவரும் அதை எப்படி நம்பினார்கள் என்பதை இடைவினைவாதம் பிரமாதமாகச் சொல்லும். ஆனால் ஒரு கண்ணாடி உடைந்ததும் நகரமே பற்றிக்கொள்ளும்படி யார் அடுக்கி வைத்தது? நகரத்தில் நிலம் மறுக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள், அவர்களுக்கு வாடகைக்குக் குடிசையும் பஸ்ஸும் கடையும் நடத்திய இந்தியர்கள், இரண்டு பேரையும் ஒருவர் மேல் ஒருவராக வைத்துவிட்டு மேலே உட்கார்ந்திருந்த ஆட்சி. இதற்கு ஆன்ட்டியின் கோட்பாடுதான் வேண்டும். இடைவினைவாதத்தை வைத்து 1949ஐ எழுதினால் பழி அந்தக் கடைக்காரரோடு நின்றுவிடும்.

அதனால் மூன்றையும் கலந்து செய்துவிடலாமே என்று கமிட்டியில் ஒரு சமரசக் குரல் எழுந்தது. எனக்கு உடன்பாடில்லை. பணமும் ஆளும் நிறைய உள்ள பல்கலைக்கழகம் செய்யலாம். நமக்கு அது ஒவ்வொன்றிலும் ஒரு அத்தியாயம், எதிலும் ஒரு கண்டுபிடிப்பு இல்லை என்றுதான் முடியும்.

கேள்வி மாறினால் என் ஓட்டும் மாறும். அரசாங்கப் பள்ளிகளில் தமிழுக்கு இடம் கேட்டு மனு எழுதப் போகிறோம் என்றால் வராந்தாவில் பிள்ளைகள் என்ன பேசினார்கள் என்பது உதவாது. 1996 அரசமைப்பின் 6ஆம் பிரிவு, ஊக்குவித்து மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதையும் வரலாற்றையும் எண்ணிக்கையையும் சேர்த்துக் கட்ட வேண்டும், அதற்கு இரண்டாவது வழி. கோயிலுக்குப் புது மண்டபம் வேண்டுமா, அதில் என்னென்ன நடக்கும் என்று நன்கொடையாளர்களிடம் காட்ட வேண்டுமா, முதல் வழி தாராளமாகப் போதும்.

இடைவினைவாதத்துக்குள்ளும் ஒரு தேர்வு பாக்கி இருக்கிறது. புளூமர் வழியில் போனால் எண்களை ஓரம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் கூட இருந்து பார்க்க வேண்டும். ஐயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த மேன்ஃபோர்ட் குன்னுக்கு அந்தப் பொறுமை இல்லை. 1954இல் அவரும் மெக்பார்ட்லண்டும் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார்கள். 'நான் யார்?' என்ற கேள்விக்கு இருபது பதில்களை ஒரு தாளில் சில நிமிடங்களில் எழுதச் சொல்வது. எது முதலில் வருகிறது, எது வரவே இல்லை என்று பார்ப்பது. செலவு, காகிதமும் பேனாவும். 'தமிழ்' எத்தனையாவது இடத்தில் வருகிறது, இந்து என்பதற்கு முன்பா பின்பா, தென்னாப்பிரிக்கர் என்பது எங்கே, எல்லாம் ஒரு மதியத்தில் தெரிந்துவிடும். புளூமரின் ஆட்கள் இதைக் கேலி செய்வார்கள், சுயத்தைத் தாளில் ஆணியடிக்கிறாய் என்று. கேலியில் நியாயம் இருக்கிறது. தாளில் எழுதும்போதும் பிள்ளை யாருக்கோ காட்டத்தான் எழுதுகிறது. என்றாலும் தொடங்க இது நல்ல இடம். வகுப்புக்கு வருகிறவர்கள், வராதவர்கள் இரண்டு தரப்பிடமும் இருபது வரித் தாளைக் கொடுப்போம். அதில் ஆர்வமூட்டும் சிலரின் வீட்டிலும் காவடி ஏற்பாட்டிலும் ஒரு வருடம் கூட இருந்து கவனிப்போம். தைப்பூசத்தில் தொடங்கினால் ஈஸ்டர், ஆடி, தீபாவளி எல்லாமே ஒரு சுற்றில் வந்துவிடும்.

இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பார்க்கப் போவது நானாக இருக்கக் கூடாது. நான் கதவருகே வந்தாலே மொழி மாறுகிறது என்றபின் என் குறிப்பேட்டில் என்ன மிஞ்சும்? நான் ஓட்டுப் போட்ட அந்த இளைஞனும், வகுப்பைப் பாதியில் விட்ட ஒரு பெண்ணும் சேர்ந்து செய்தால் நல்லது. பயிற்சி நான் தருகிறேன். இரண்டாவது, பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், பிள்ளையின் சம்மதம் தனியாக வேண்டும். இந்தப் பேட்டையில் பெயரை மாற்றி எழுதினாலும், மூன்று வரி படித்ததும் அது யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் தனிப் பிள்ளையின் கதை எதுவும் அறிக்கையில் வராது, பல பேரிடம் திரும்பத் திரும்பக் கண்டது மட்டுமே வரும் என்று தொடக்கத்திலேயே எழுதித் தர வேண்டும். இந்த இரண்டுக்கும் கமிட்டி சம்மதித்தால் இருபது வரித் தாளை அடுத்த கூட்டத்துக்குள் அச்சடித்துவிடலாம்.